அது கேட்ச்தானா? அமெரிக்கன் ஃபுட்பால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என்.எஃப்.எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆட்டம் பார்க்கத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் இந்தச் சண்டை உங்கள் காதில் விழுந்துவிடும். பந்து ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்) கையில் இருந்தது, கால் தரையில் இருந்தது, மைதானமே எழுந்து கத்தியது. ஆனால் நடுவர் திரையைப் பார்த்துவிட்டு வந்து "கேட்ச் இல்லை" என்று அறிவிக்கிறார். பல வருடமாக ஆட்டம் பார்ப்பவரிடம் விளக்கம் கேட்டால், அவரும் "எது கேட்ச் என்று யாருக்குத்தான் தெரியும்" என்று கையை விரிப்பார். அந்த விரக்தி நியாயமானது. விதி பலமுறை மாறியிருக்கிறது. ஆனாலும் இன்றைய விதியைக் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகாது. மூன்று கேள்விகளை வரிசை மாறாமல் கேட்கப் பழகினால் போதும். சண்டை எந்தக் கேள்வியில் கிளம்புகிறது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.

அதற்கு முன், இவ்வளவு அக்கப்போர் எதற்கு என்பதைப் பார்த்துவிடலாம். தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் ஒரு வாய்ப்பு போச்சு, அவ்வளவுதான். அடுத்த முயற்சி பழைய இடத்திலிருந்தே தொடங்கும். பிடித்தபின் பந்து நழுவினால் கதையே வேறு. அது ஃபம்பிள், எதிரணிக்காரர் பாய்ந்து எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆக, ரிசீவர் கையிலிருந்து பந்து நழுவும் அந்த அரை விநாடியில், "இவர் பிடித்து முடித்துவிட்டாரா, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாரா" என்பதைப் பொறுத்து ஆட்டமே திசை மாறும்.

கிரிக்கெட்டில் ஃபீல்டர் பந்தையும் தன் உடம்பையும் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் கேட்ச் முடிந்தது, பேட்ஸ்மேன் அவுட். இங்கே பிடித்த பிறகுதான் ஓட்டமே தொடங்குகிறது. அதனால் விதி சொல்லியாக வேண்டியது ஒரே விஷயம்: பந்தைப் பிடிப்பவர் எந்தக் கணத்தில் பந்தோடு ஓடுபவராக மாறுகிறார்? கடந்த கால் நூற்றாண்டின் பெரிய கேட்ச் தகராறுகளில் பல இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன.

முதல் படி: கையைப் பாருங்கள்

பந்து தரையைத் தொடுவதற்கு முன் ரிசீவரின் கைகளிலோ புஜங்களுக்குள்ளோ கட்டுப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். பந்து லேசாக அசைந்தாலே கட்டுப்பாடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கைக்குள் சற்றுப் புரளலாம், மார்பில் சரியலாம். பிடி விட்டுப்போனதா என்பதுதான் கேள்வி. கையில் தட்டித் தட்டித் துள்ளிக்கொண்டிருந்தால் இன்னும் கட்டுப்பாடு வரவில்லை. கடைசியாக எந்தக் கணத்தில் அது அடங்கியது என்று பாருங்கள். அடுத்த கேள்விக்கான கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது தரை விஷயத்தில். பந்து தரையைத் தொட்டுவிட்டால் கேட்ச் இல்லை என்றுதான் நினைப்போம். ஒரு காலத்தில் நடைமுறையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது 2000 ஜனவரி 23 அன்று நடந்த ஓர் ஆட்டம். சூப்பர் பௌல் எனும் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய கட்டத்தில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியை டாம்பா பே புக்கனீர்ஸ் சந்தித்தது. கடைசி நிமிடத்துக்குள் டாம்பா பேயின் பெர்ட் இமானுவேல் தாழ்ந்து வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தார். பந்து அவர் கைகளுக்குள் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் விழும்போது அதன் முனை தரையைத் தொட்டது ரீப்ளேயில் தெரிந்தது. கேட்ச் ரத்தானது, டாம்பா பே 11-6 என்று தோற்றது. அடுத்த சீசனுக்குள் விதி திருத்தப்பட்டது: கட்டுப்பாடு கலையாமல் இருந்தால் பந்து தரையைத் தொட்டாலும் கேட்ச்தான். இன்றும் இதை பெர்ட் இமானுவேல் விதி என்றே சொல்கிறார்கள்.

தொடலாம், ஆனால் தரை உதவி செய்யக்கூடாது. இதைத் திரையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பந்து தரையில் படும் கணத்தில் ரிசீவரின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பந்துக்கு அடியில் கையோ புஜமோ இருந்து, பட்டபின்னும் பந்து இருந்த வாட்டத்திலேயே இருந்தால் பெரும்பாலும் கேட்ச். பட்டவுடன் பந்து கைக்குள் திரும்பினால், அல்லது தரையில் அமுக்கித்தான் பிடியே கிடைத்தது என்றால் கேட்ச் இல்லை. பந்தின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தையோ தையலையோ கவனித்தால் அது சுழன்றதா என்று சட்டென்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: காலைப் பாருங்கள்

பந்து கட்டுக்குள் இருக்கும்போது இரண்டு பாதங்களும் எல்லைக்குள் தரையைத் தொட வேண்டும். அல்லது கை நீங்கலாக உடம்பின் வேறு ஏதாவது ஒரு பகுதி தொட வேண்டும். முட்டி, முழங்கை, இடுப்பு எதுவானாலும் சரி. ஒரு முட்டி பட்டால் இரண்டு பாதம் பட்டதற்குச் சமம். உள்ளங்கை மட்டும் கணக்கில் வராது.

வெள்ளைக் கோடு எல்லைக்கு வெளியே சேர்ந்தது. கோட்டை ஷூ உரசினாலும் வெளியேதான். கால் விரல் உள்ளே பட்டு, அதே அடி வைக்கும் அசைவில் குதிகால் கோட்டில் இறங்கினால் அந்தப் பாதம் வெளியே போனதாகத்தான் கணக்கு. ஆனால் விரல் நுனியைப் புல்லில் இழுத்துக்கொண்டே போய் உடம்பு வெளியே விழுந்தால் செல்லும். கைதேர்ந்த ரிசீவர்கள் இதற்கென்றே பயிற்சி செய்கிறார்கள். 2009 பிப்ரவரி 1 அன்று டாம்பாவில் நடந்த சூப்பர் பௌலில், 35 விநாடிகள் மிச்சமிருக்கும்போது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சான்டோனியோ ஹோம்ஸ் எண்ட் ஸோனின் (மைதானத்தின் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதி) மூலையில் பிடித்த பந்தைத் தேடிப் பாருங்கள். மூன்று தடுப்பாளர்கள் சூழ்ந்திருக்க, கைகளை உயர நீட்டி, உடம்பு முழுக்க வெளியே சாய்ந்தபடி, இரண்டு பாதங்களின் விரல் நுனி மட்டும் உள்ளே. ஸ்டீலர்ஸ் 27-23 என்று வென்றது. கால் விதியைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

காற்றில் இருக்கும் ரிசீவரைத் தடுப்பாளர் வெளியே தள்ளிவிட்டால்? 2008-க்கு முன், "தள்ளாவிட்டால் உள்ளேதான் இறங்கியிருப்பார்" என்று நடுவர் கருதினால் கேட்ச் கொடுக்கலாம். அந்த ஊகத்துக்கு இப்போது இடமில்லை. தள்ளினாலும் கால் உள்ளே பட்டாக வேண்டும். பந்து வைத்திருப்பவரை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே போனால் மட்டும் கேட்ச் உண்டு.

இந்தப் படியில் தகராறு வந்தாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேமரா கோணம் சரியாக அமைந்தால் கால் உள்ளேயா வெளியேயா என்பது கண்ணுக்கே தெரியும். பெரிய சண்டையெல்லாம் அடுத்த படியில்.

மூன்றாம் படி: நேரத்தைப் பாருங்கள்

கையும் காலும் சரியான பிறகு, ரிசீவர் ஆட்டத்துக்குரிய ஒரு செயலைச் செய்ய வேண்டும். இன்னொரு அடி எடுத்து வைப்பது, பந்தை முன்னே நீட்டுவது, பந்தை அணைத்துக்கொண்டு திரும்புவது, வரும் தடுப்பாளரைத் தவிர்ப்பது, இப்படி ஏதாவது ஒன்று. செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அதைச் செய்வதற்குப் போதுமான நேரம் பந்து கட்டுக்குள் இருந்தால் சரி. அந்தக் கணம் தாண்டிவிட்டால் அவர் ஓடுபவர். பிறகு பந்து நழுவினால் ஃபம்பிள். அதற்கு முன் நழுவினால் வெறும் தவறிய பாஸ்.

இந்த வாசகம் 2018-இல் வந்தது. அதற்கு முன் இருந்த விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் இன்னும் அதை நினைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். பிடிக்கும் முயற்சியிலேயே கீழே விழும் ரிசீவர், தரையில் மோதி அடங்கும்வரை பந்தை விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. எத்தனை அடி எடுத்து வைத்தார், பந்தை நீட்டினாரா என்பதெல்லாம் விழுந்துகொண்டிருப்பவருக்கு உதவாது.

2010 செப்டம்பர் 12, சிகாகோ. பேர்ஸ் 19-14 என்று முன்னிலை. அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் எண்ட் ஸோனில் எம்பிக் குதித்து இரண்டு கையாலும் பந்தைப் பறித்தார். இரண்டு காலும் உள்ளே இறங்கின, பின்புறம் தரையில் பட்டது, உடம்பு புரண்டது, பந்தை ஒரு கையால் தரையில் வைத்துவிட்டுக் கொண்டாட எழுந்தார். கேட்ச் இல்லை என்றார்கள். எழும்போது பந்து தரையில் பட்டுக் கையைவிட்டுப் போனதால் பிடிக்கும் செயல் முடியவில்லை என்பது காரணம். அன்றைய விதிப்படி அது சரியான தீர்ப்புதான். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த எந்தக் குழந்தையும் அதைக் கேட்ச் என்றுதான் சொல்லும். விதிக்கும் கண்ணுக்கும் இவ்வளவு தூரம் விழுந்துவிட்டால் கோளாறு விதியில்தான் இருக்க வேண்டும்.

2015 ஜனவரி 11, கிரீன் பே. பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும்) ஆட்டம், டல்லாஸ் கௌபாய்ஸ் 26-21 என்று பின்தங்கியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவு; நான்காவது முயற்சி, 2 யார்டு தேவை. டோனி ரோமோ இடது ஓரமாக நீளமாக எறிந்தார். டெஸ் பிரையன்ட் தடுப்பாளரின் தலைக்கு மேல் எழும்பிப் பந்தைப் பறித்தார். இறங்கினார், தடுமாறியபடியே அடி வைத்தார், இடது கையில் பந்தோடு எண்ட் ஸோன் கோட்டை நோக்கி நீட்டினார். கை தரையில் மோதியது, பந்து எகிறியது, மறுபடி பிடித்துக்கொண்டார். களத்தில் கேட்ச் என்றுதான் தீர்ப்பு. பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி சிவப்புக் கொடியை எறிந்து சவால் விட்டார், தீர்ப்பு திரும்பியது. மேற்கொண்டு யாரும் புள்ளி எடுக்கவில்லை, கௌபாய்ஸின் சீசன் அங்கேயே முடிந்தது. டல்லாஸ் ரசிகர் யாரிடமும் இதை விளையாட்டாகக் கேட்டுவிடாதீர்கள். அந்த வலி ஆறவில்லை.

2017 டிசம்பர் 17, பிட்ஸ்பர்க். பேட்ரியாட்ஸுக்கு எதிராக 28 விநாடிகள் மிச்சம். ஸ்டீலர்ஸின் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கோட்டருகே பந்தைப் பிடித்து, முட்டி தரையில் பட, திரும்பிப் பந்தைக் கோட்டுக்கு மேலே நீட்டினார். டச்டவுன், அதாவது எண்ட் ஸோனில் பந்து சேர்ந்து புள்ளி கிடைத்தது என்றார்கள். நீட்டிய பந்து தரையில் பட்டுப் பிடி தளர்ந்தது ரீப்ளேயில் தெரிந்து, அது ரத்தானது. பேட்ரியாட்ஸ் 27-24 என்று வென்றது.

இதற்கு மேல் தாங்காது என்ற நிலை. 2018 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 32-0 என்று ஒருமனதாக விதியை மாற்றினார்கள். விழும்போதும் பந்தை வைத்திருக்க வேண்டும் என்ற தனி நிபந்தனை போயிற்று; மூன்று கேள்விகள் மட்டும் நின்றன. கால்வின் ஜான்சன், டெஸ் பிரையன்ட், ஜெஸ்ஸி ஜேம்ஸ் மூவரும் பிடித்தவை புதிய விதிப்படி கேட்ச்தான் என்று விதிக் குழுவினரே ஒப்புக்கொண்டார்கள். பந்தை நீட்டுவது ஒரு செயல், கூடுதல் அடி ஒரு செயல். அதற்குப்பின் தரை என்ன செய்தாலும் கேட்ச் கேட்ச்தான்.

இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் தகராறு ஒழிந்ததா என்றால், இல்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு "தரையில் அடங்கும்வரை வைத்திருந்தாரா" என்று அடித்துக்கொண்டோம், இப்போது "மூன்றாவது அடி இறங்கியதா" என்று அடித்துக்கொள்கிறோம். 2025 டிசம்பர் 7 அன்று பால்டிமோரில் ஸ்டீலர்ஸுக்கு எதிராக ரேவன்ஸின் ஐசையா லைக்லி எண்ட் ஸோனில் பந்தைப் பிடித்தார். இரண்டு கால் இறங்கியது. மூன்றாவது அடி இறங்குவதற்குள் தடுப்பாளர் பந்தைத் தட்டிவிட்டார். டச்டவுன் என்று கொடுத்தது ரத்தானது. பால்டிமோர் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

அந்தக் கொதிப்புக்குப் பின்னால் ஒரு பொதுவான குழப்பம் இருக்கிறது, அதை இங்கேயே தீர்த்துவிடலாம். பந்தோடு ஓடி வருபவர் கோட்டுக்கு மேலே பந்தின் நுனியைக் காட்டினாலே டச்டவுன். அடுத்த நொடி பந்து பறிபோனாலும் கவலையில்லை. அப்படியென்றால் எண்ட் ஸோனுக்குள்ளேயே நின்று பிடிப்பவருக்கு ஏன் மூன்றாவது அடி? காரணம், பந்து இன்னும் அவருடையதாகவில்லை. முதலில் கேட்ச் முடிய வேண்டும். முடிந்த கணத்தில்தான் அவர் எண்ட் ஸோனில் பந்து வைத்திருப்பவர். களத்தின் நடுவில் எந்த மூன்று கேள்விகளோ, எண்ட் ஸோனிலும் அதே மூன்று. எதிரணிக்காரர் பாஸை இடைமறித்துப் பிடிக்கும் இன்டர்செப்ஷனுக்கும் அதேதான்.

நான்காம் படி: ரீப்ளேயைச் சரியான வேகத்தில் பாருங்கள்

மெதுவாக ஓட்டிக் காட்டும் காட்சியில் எல்லாமே கேட்ச் மாதிரிதான் தெரியும். ஒரு விநாடியின் சிறு துண்டு நீண்டு, ரிசீவர் நிதானமாகப் பந்தை வைத்துக்கொண்டு நிற்பதுபோல் தோன்றும். அதனால் கைக்கும் காலுக்கும் மெதுவான காட்சியைப் பாருங்கள்; நேரக் கேள்விக்கு மட்டும் சாதாரண வேகத்தில் ஓடும் காட்சியைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதித் தீர்ப்புகளை நடுவர் சொல்லும் முன் நீங்களே சொல்லிவிடலாம்.

அப்புறம், களத்தில் முதலில் என்ன தீர்ப்பு கொடுத்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்ற வேண்டுமானால் தெள்ளத்தெளிவான காட்சி ஆதாரம் வேண்டும். சந்தேகம் இருந்தால் களத் தீர்ப்பே நிற்கும். ஒரே மாதிரி இரண்டு பிடிகளில் ஒன்று கேட்ச், இன்னொன்று இல்லை என்று ஆவது இதனால்தான். நடுவரின் அறிவிப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். தீர்ப்பு "உறுதியானது" என்றால் ஆதாரமே அதைக் காட்டியது. "நிற்கிறது" என்றால் மாற்றப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பயிற்சியாளருக்கு இரண்டு சவால்கள்; ஒன்று பலித்தால் மூன்றாவது கிடைக்கும். தோற்றால் ஒரு டைம்அவுட் (ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு) போகும். புள்ளி கிடைத்ததாகத் தீர்ப்பான முயற்சிகளையும், பந்து கைமாறியவற்றையும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களையும் அவர் கொடி எறியாமலே மேலிருந்து சரிபார்ப்பார்கள்.

பழகிப் பார்க்க ஒரு நல்ல ஆட்டம் 2018 பிப்ரவரி 4 சூப்பர் பௌல். பிலடெல்பியா ஈகிள்ஸ் 41-33 என்று பேட்ரியாட்ஸை வென்றது. அதில் கோரி கிளெமென்ட், ஸாக் எர்ட்ஸ் இருவரின் டச்டவுன்களும் பரிசீலனைக்குப் போய் நின்றன. எர்ட்ஸ் பிடித்து, அடி வைத்து, பாய்ந்து விழுந்ததும் பந்து எகிறியது. பாய்வதற்கு முன்பே அவர் ஓடுபவராகிவிட்டார் என்று தீர்ப்பு. பழைய விதி இருந்த கடைசி ஆட்டம் அது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காட்சியையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஏன் ஒன்று போயிற்று, ஏன் ஒன்று நின்றது என்பது விளங்கும்.

இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்

இரு அணிக்காரர்களும் ஒரே நேரத்தில் பிடித்து இருவரும் விடாமல் இருந்தால் பந்து எறிந்த அணிக்கே. ஆனால் ஒருவர் முதலில் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து, மற்றவர் பிறகு கை போட்டால் அது சமமான கேட்ச் ஆகாது, முதலாமவருக்கே சொந்தம். 2012 செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் கடைசிப் பந்தில் இதுதான் வெடித்தது. வழக்கமான நடுவர்களை லீக் வெளியே நிறுத்தி, மாற்று நடுவர்களை வைத்து ஆட்டங்களை நடத்திக்கொண்டிருந்த காலம். பேக்கர்ஸின் ஜென்னிங்ஸ் பந்தை மார்போடு அணைத்திருக்க, சீஹாக்ஸின் கோல்டன் டேட் கை நுழைத்திருந்தார். ஒரு நடுவர் கையைத் தூக்கி டச்டவுன் என்றார், பக்கத்தில் நின்றவர் வேறு சைகை காட்டினார். சீஹாக்ஸ் 14-12 என்று வென்றதாக முடிந்தது. அடுத்த இரண்டு நாளில் வழக்கமான நடுவர்களோடு லீக் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை ஆட்டம் பார்த்தால்

சனிக்கிழமைகளில் நடக்கும் கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதம் உள்ளே பட்டாலே போதும். பள்ளி ஆட்டத்திலும் அப்படியே. கல்லூரி விதியில் இன்னொரு வித்தியாசம், பிடித்தபடியே கீழே விழுபவர் தரையில் மோதும்போதும் பந்தை விடக்கூடாது என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. அதனால் சனிக்கிழமை கற்றதை அப்படியே ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். கல்லூரியிலிருந்து புதிதாக வந்த ரிசீவர்களும் முதல் சீசனில் ஓரக் கோட்டருகே இரண்டாவது காலைக் கொண்டுவரத் தடுமாறுவார்கள். ஓரமாகப் பாஸ் போகும்போது அவர்கள் காலை மட்டும் கவனித்துப் பாருங்கள்.